போர்னியோ காட்டுக்குப் பணம் கட்டும் முன்

சேரன்மாதேவியிலிருந்து திருவனந்தபுரம், அங்கிருந்து கோலாலம்பூர், அப்புறம் சண்டாகான். போர்னியோ தீவில் இருக்கும் மலேசியாவின் சபா மாநிலத்தில், கினபத்தாங்கான் ஆற்றங்கரையில், பணம் கட்டித் தன்னார்வலராக வேலை செய்யும் 14 நாள் களப்பயணம். விலங்கியல் முதுகலை படிக்கும்போது போனேன். அப்பா நெல் விற்ற பணமும் நான் டியூஷன் எடுத்துச் சேர்த்ததும் அதில் போயிற்று. நீங்களும் கிளம்புவதாக இருந்தால் சில விஷயங்களை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

முதல் கேள்வி, காலையிலிருந்து ராத்திரி வரை எனக்கு என்ன வேலை? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நான் கேட்கவில்லை. விளம்பரத்தில் ஒராங்குட்டான் என்ற மனிதக்குரங்கின் குட்டியைப் பார்த்ததும், அதைப் பராமரிக்கத்தான் போகிறோம் என்று நம்பிவிட்டேன். செபிலோக் ஒராங்குட்டான் மறுவாழ்வு மையத்துக்கு அரை நாள்தான் கூட்டிப்போனார்கள். சுற்றுலா வந்தவர்களோடு நின்று, 10 மணிக்குத் தீனி வைப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அன்றைக்கு மனசு விட்டுப்போனது. ஆனால் தொட விடாதது நியாயம். நம் சளி, இருமல் அதற்கும் தொற்றும். காட்டுக்குத் திரும்ப வேண்டிய உயிர் மனுஷனிடம் பழகிவிடவும் கூடாது. குட்டியைத் தூக்கி வைத்துப் படம் எடுக்கலாம் என்று ஒரு இடத்தில் சொன்னால், அந்த இடமே வேண்டாம்.

இரண்டாவது, குழுவில் எத்தனை பேர், படகு எத்தனை? நாங்கள் 22 பேர். படகில் 8 பேருக்குத்தான் இடம். எனக்கு ஆற்றில் கிடைத்தது நான்கே காலைகள். அந்த நான்கையும் மறக்க மாட்டேன். கரையோர மரத்தில் நீண்ட மூக்குக் குரங்குகள் குடும்பமாக உட்கார்ந்திருக்கும். போர்னியோவில் 8 வகை இருவாச்சிகள் உண்டு. தலைக்கு மேலே ஒன்று பறந்தால், பார்ப்பதற்கு முன்பே சிறகுச் சத்தம் கேட்டுவிடும்.

மற்ற நாளெல்லாம் களையெடுப்பு. பாமாயில் மரத்தை மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். அந்தத் தோட்டங்கள் காட்டைத் துண்டு துண்டாக்கிவிட்டன. துண்டுகளை மறுபடி இணைக்கத்தான் அங்கே மரக்கன்று நடுகிறார்கள். ஆள் உயரப் புல்லுக்குள் அடையாளக் குச்சியைத் தேடி, கன்றைக் கண்டுபிடித்து, சுற்றியிருக்கும் கொடியை நீக்க வேண்டும். முதல் நாள் நான் கொடியைப் பிடித்து இழுத்ததில் கன்றின் குருத்தே ஒடிந்துவிட்டது. எங்களுக்கு வழிகாட்டிய ஊர்க்கார அக்கா திட்டவில்லை. கொடியை அடியில் வெட்டிவிட்டு, நுனியிலிருந்து ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்துக் காட்டினார். வில்லாக வளைந்திருந்த தண்டு என் கண்ணெதிரே மெல்ல நிமிர்ந்தது. அதன் பிறகு எனக்குச் சலிப்பே வரவில்லை.

ஏப்ரல், மே நல்ல காலம். நவம்பர் முதல் மழை வலுத்து ஆறு கரை ஏறும். அட்டைக்கடி மாஞ்சோலையில் பார்த்ததுதான், ஆனால் அட்டைக்காகக் காலில் தடவும் உப்பு அங்கே மழையில் கரைந்துவிடும். முழங்கால் வரை வரும் அட்டைக் காலுறை இரண்டு ஜோடி வாங்குங்கள். கோலாலம்பூரில் முத்திரை குத்தியிருந்தாலும் சபாவில் மறுபடி குடியேற்றச் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டைக் கையிலேயே வைத்திருங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்புப்பொடி இல்லாமல் போகாதீர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் கூந்தன்குளம் போங்கள். பறவை வரும் காலத்தில் வெடிகூட வெடிக்காத ஊர் அது. அங்கே ஒரு சங்குவளை நாரைக் கூட்டை ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்து, நோட்டில் எழுதுங்கள். ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பிலும் சேருங்கள். நான் இந்த இரண்டையும் திரும்பி வந்த பிறகுதான் செய்தேன். முதலிலேயே செய்திருந்தால் அங்கே முதல் வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

கிளம்பும் நாளில், நீங்கள் பார்த்துக்கொண்ட கன்று வரிசையின் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஊர்க்காரர் ஒருவரின் நம்பரையும் வாங்கிவிடுங்கள். இந்த ஐப்பசியில் அந்த அக்கா படம் அனுப்பியிருந்தார். என் வரிசையில் 60 கன்றுகளில் 41 நிற்கின்றன.