கைக்குப் பொருந்தும் கைத்துப்பாக்கியைக் கண்டறிவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

கைத்துப்பாக்கி வாங்க எண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் எந்த நிறுவனத்துடையது நல்லது, எந்த அளவுத் தோட்டா போதுமானது, மேகசினில் எத்தனை தோட்டாக்கள் கொள்ளும் என்பவற்றைத்தான். அது தம் கையில் எப்படி உட்காரும் என்று கேட்கிறவர்கள் மிகக் குறைவு. நானும் அப்படித்தான் தொடங்கினேன். என் முதல் துப்பாக்கியின் பிடி பருத்தது. உள்ளங்கையை அது நிறைத்துக்கொண்டதையே பொருத்தம் என்று நம்பி வாங்கினேன். பல மாதங்கள் என் குண்டுகள் குறிக்கு இடப்புறமாகவே விழுந்தன. மனப் பதற்றம்தான் காரணம் என்று எண்ணி, மூச்சை அடக்கவும் விசையை மெதுவாக இழுக்கவும் விடாமல் பழகினேன். ஒருநாள் மூத்த பயிற்றுநர் ஒருவர் எனக்குப் பின்னால் நின்று கவனித்துவிட்டு, துப்பாக்கியின் குழலும் என் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இல்லை என்பதைச் சுட்டிக்காட்டினார். விசையை எட்டுவதற்காக, என்னை அறியாமலேயே, கையைப் பிடியைச் சுற்றித் திருப்பி வைத்திருந்தேன்.

கைக்கு இதமாக இருப்பது வேறு, கைக்குப் பொருந்துவது வேறு. கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வேறுபாட்டை நீங்களே சோதித்து அறிவதற்கானவை.

தொடங்கும் முன்: துப்பாக்கியைக் காலி செய்து உறுதிப்படுத்துதல்

உங்கள் நாட்டின் சட்டப்படி உரிமம் பெற்ற விற்பனை நிலையத்திலோ, பயிற்றுநர் உடனிருக்கும் சுடுதளத்திலோதான் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டும். துப்பாக்கியைக் கையில் வாங்கியதும், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, விரலை விசையிலிருந்து விலக்கி, முதலில் மேகசினைக் கழற்றுங்கள்; அதன் பிறகே, குழலின் மேல் முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. மேகசின் உள்ளிருக்கும்போதே ஸ்லைடை இழுத்து விட்டால், குழலின் பின்முனையிலுள்ள தோட்டா அறையில் இருந்த தோட்டா வெளியேறினாலும் அடுத்த தோட்டா அந்த இடத்தில் ஏறிக்கொள்ளும். கையில் வைத்திருப்பவர் துப்பாக்கி காலியாகிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். தோட்டா அறையைக் கண்ணால் பார்த்தபின் விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். ரிவால்வராக இருந்தால் சுழல் உருளையை வெளியே திறந்து எல்லா அறைகளையும் பார்க்க வேண்டும். விற்பனையாளர் உங்கள் கண்முன் காலி செய்து கொடுத்திருந்தாலும் நீங்களும் ஒருமுறை பார்ப்பதை யாரும் அவமதிப்பாகக் கருத மாட்டார்கள்.

வெற்றுத் துப்பாக்கியின் விசையை இழுத்துப் பார்ப்பதற்கு முன் உரிமையாளரின் அனுமதியைக் கேளுங்கள். .22 போன்ற விளிம்படி ரகத் துப்பாக்கிகள் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கச் செய்பவை) பலவற்றில், அறை வெறுமையாக இருக்கையில் விசையை இழுத்தால், தோட்டாவை அடிக்கும் அடிமுள் தோட்டா அறையின் விளிம்பில் மோதிச் சேதம் உண்டாகலாம். வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்கள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துவது நல்லது.

முதல் படி: உங்கள் கையை அளந்துகொள்ளுங்கள்

கையின் மொத்த நீளத்தை விட இங்கே முக்கியமானது வேறோர் அளவு. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள கவட்டையின் நடுவிலிருந்து, சுட்டுவிரலின் நுனிக்கு அடுத்த முதல் ரேகை வரை ஒரு நூலை வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். விசையை எட்டும் திறனை முடிவு செய்வது இதுதான். இரண்டு பேரின் கைகள் பார்வைக்கு ஒரே அளவாக இருந்தாலும், ஒருவருக்கு உள்ளங்கை அகன்று விரல்கள் குட்டையாக இருக்கலாம். மற்றவருக்கு அதற்கு நேர்மாறாக இருக்கலாம். ஆகவே பெண்களுக்கு ஏற்றது, பெரிய கைக்காரர்களுக்கு ஏற்றது என்ற பொதுப்பேச்சை நம்பி எதையும் ஒதுக்கிவிடாதீர்கள்.

துப்பாக்கியிலும் இதற்கு இணையான அளவு உண்டு. பிடியின் பின்புறத்தில் கவட்டை போய் அமரும் ஆழமான குழிவிலிருந்து விசையின் முன்முகம் வரை உள்ள தூரமே அது. இந்த இரண்டும் ஒத்துவருகின்றனவா என்பதே அடுத்த படியின் வேலை.

இரண்டாம் படி: முன்கை, குழல், விசை

மற்ற எல்லாவற்றையும் விட இந்தப் படிக்கே அதிக நேரம் கொடுங்கள். பொறுமையில்லாதவர்கள் இதை அரை நிமிடத்தில் முடித்துவிட்டுப் பின்னால் ஆண்டுக்கணக்கில் அதற்கான விலையைக் கொடுக்கிறார்கள்.

காலியான துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் நீட்டி, சுடும் கையின் கவட்டையைப் பிடியின் பின்புறத்தில் எவ்வளவு உயரமாக வைக்க முடியுமோ அவ்வளவு உயரமாக வையுங்கள். கவட்டைக்கும் பிடியின் மேல்வளைவுக்கும் இடையே வெளி தெரியக் கூடாது. கை உயரமாக அமர்ந்தால் பின்னுதைப்பு கைக்கு நேராக வரும். தாழ்ந்து அமர்ந்தால் குழல் மேல்நோக்கித் துள்ளும். அப்போது மேலிருந்து பாருங்கள்: குழல், மணிக்கட்டு, முன்கை மூன்றும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். விரலை இன்னும் விசையில் வைக்காதீர்கள். கோட்டை உறுதி செய்தபின், பிடியைச் சற்றும் அசைக்காமல் சுட்டுவிரலை மட்டும் விசைக்குக் கொண்டுசெல்லுங்கள். விசையின் மேல் வந்து அமர்வது எது என்று கவனியுங்கள்.

விரல் நுனிச் சதையின் நடுப்பகுதிக்கும் முதல் ரேகைக்கும் இடைப்பட்ட இடம் அமர்ந்தால் அது பொருத்தமான துப்பாக்கி. நுனி மட்டுமே தொட்டால் பிடி உங்களுக்குப் பெரியது. வலக்கைக்காரர்கள் அப்படிப்பட்ட துப்பாக்கியில் சுடும்போது விசையைத் தம்மை நோக்கி இழுப்பதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் தள்ளிவிடுவதால் குண்டு பொதுவாக இடப்பக்கம் விலகும். முதல் ரேகையையும் தாண்டி விரல் உள்ளே நுழைந்துவிட்டால் பிடி சிறியது. குண்டு வலப்பக்கம் விலகுவதற்கு வாய்ப்பு உண்டு. இடக்கைக்காரர்கள் திசையை மாற்றிப் படித்துக்கொள்ளவும். விரலின் பக்கவாட்டுச் சதை, விசைக்குப் பின்னுள்ள சட்டத்தை அழுத்திக்கொண்டு நகர்கிறதா என்பதையும் பாருங்கள். அப்படி அழுத்தினால் ஒவ்வொரு இழுப்பிலும் குழலும் உடன் அசையும்.

இங்கே ஒரு பொறி உண்டு. டபுள் ஆக்‌ஷன் வகைத் துப்பாக்கிகள் பலவற்றில், முதல் இழுப்பின்போது விசையே ஹேமரையும் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் சுத்தியல்) பின்னுக்குத் தள்ள வேண்டியிருப்பதால் விசை வெகுதூரம் முன்னால் நிற்கும். முதல் குண்டு வெளியேறி ஹேமர் பின்னுக்கு நின்றபின் விசையும் பின்னால் வந்துவிடும். விற்பனையாளர் ஹேமரைப் பின்னுக்கு வைத்துக் கொடுத்தால் எட்டுவது எளிதாகத் தோன்றும். ஆகவே இரண்டு நிலைகளிலும் சோதித்துப் பாருங்கள். 1985ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட பெரெட்டா எம்9 துப்பாக்கி, இரட்டை அடுக்கு மேகசினைக் கொண்ட பருத்த பிடியும் நீண்ட முதல் இழுப்பும் உடையது என்பதால், சிறிய கையுடைய வீரர்களுக்குச் சிரமம் தந்த துப்பாக்கியாகவே அறியப்பட்டது.

விசை எட்டும் தூரம் ஒன்றும் புதிய கவலையல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்கப் படையில் சேர்ந்த கோல்ட் பிஸ்டலை, முதல் உலகப் போரின் அனுபவத்திற்குப் பின் 1920களில் திருத்தி 1911ஏ1 என்று வெளியிட்டபோது செய்த மாற்றங்களைப் பாருங்கள்: விசையைக் குட்டையாக்கினார்கள்; விசைக்குப் பின்னால் விரல் படியும் சட்டப்பகுதியைக் குடைந்து இடம் தந்தார்கள்; ஹேமர் கவட்டைத் தோலைக் கடிக்காதிருக்கப் பிடியின் மேல்நுனியில் உள்ள வாலை நீட்டினார்கள். பொறிநுட்பத்தின் அடிப்படை அப்படியே இருக்க, கைக்காக ஒரு துப்பாக்கி திருத்தப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாம் படி: மற்ற விரல்களும் மற்றக் கையும்

நடுவிரல் விசைக்காப்பு வளையத்தின் அடியில் இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும். சுண்டுவிரல் பிடியின் மேல் இருப்பது நல்லது. சிறிய துப்பாக்கிகளில் அது பிடிக்குக் கீழே அந்தரத்தில் தொங்கும், மேகசினின் அடியில் நீட்சி பொருத்தி அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

பிறகு, துணைக்கையின் உள்ளங்கை படிவதற்குப் பிடியின் பக்கவாட்டில் இடம் மீதமிருக்கிறதா என்று பாருங்கள். சுடும் கையே பிடியை முழுவதும் சுற்றி மூடிவிட்டால் துணைக்கை வெறும் அலங்காரமாக நிற்கும். பிடி மெலிந்திருப்பது எல்லாச் சிறு கைகளுக்கும் நல்லது என்று எண்ணி மிக மெலிந்த துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். அவர்களுக்கு விசை எளிதாக எட்டும்; ஆனால் இரு கைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

பிடியின் முன்பக்கத்தில் விரல்களுக்கெனப் பள்ளங்கள் வார்க்கப்பட்டிருந்தால் எச்சரிக்கையாக இருங்கள். உங்கள் விரல்களின் பருமன் அந்தப் பள்ளங்களோடு ஒத்துப்போனால் நன்று. ஒத்துப்போகாவிட்டால் மேடுகளின் மேல் விரல்கள் அமர்ந்து பிடியே கெடும். க்ளாக் நிறுவனம் மூன்றாம், நான்காம் தலைமுறைகளில் வைத்திருந்த இந்தப் பள்ளங்களை 2017இல் வந்த ஐந்தாம் தலைமுறையில் நீக்கிவிட்டது. அது சரியான முடிவு என்பதே என் கருத்து.

நான்காம் படி: பொத்தான்களும் ஸ்லைடும்

பிடியைக் குலைக்காமல் கட்டைவிரலால் மேகசின் விடுவிக்கும் பொத்தானை அழுத்த முடிகிறதா, தவறிச் சுடாமல் தடுக்கும் காப்புத் தாழ் இருந்தால் அதை முழுமையாக ஏற்றி இறக்க முடிகிறதா என்று பாருங்கள். பொத்தானுக்காகப் பிடியைச் சற்றே திருப்ப வேண்டியிருப்பது பெருங்குறையல்ல. காப்புத் தாழுக்காகத் திருப்ப வேண்டியிருந்தால் அந்தத் துப்பாக்கியைத் தவிர்த்துவிடலாம்.

ஸ்லைடை இழுக்க வலிமையை விட முறை முக்கியம். விரல் நுனிகளால் கிள்ளி இழுக்காமல், துணைக்கையின் உள்ளங்கையை ஸ்லைடின் மேல் கவிழ்த்துப் பிடித்து, துப்பாக்கியை உடலுக்கு அருகில் வைத்துக்கொண்டு, சுடும் கையால் பிடியை முன்னுக்குத் தள்ளுங்கள். அப்போதும் குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்க வேண்டும். சிறிய துப்பாக்கி என்றால் ஸ்லைடும் இலகுவாக இருக்கும் என்று நம்பாதீர்கள். வால்தர் பிபிகே போன்ற பழைய வகைச் சிறு பிஸ்டல்களில் சுடும் கணத்தில் ஸ்லைடைக் குழலோடு பூட்டி நிறுத்தும் அமைப்பு இல்லாததால், ஸ்லைடின் எடையோடு வலுவான சுருள்வில்லும் சேர்ந்து அதை அடக்க வேண்டியிருக்கிறது. அதனாலேயே இழுக்கக் கடினமாக இருக்கும். கைவலிமை குறைந்தவர்களை மனத்தில் வைத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 2018இல் கொண்டுவந்த ஷீல்ட் ஈசி போன்ற மாதிரிகளில் ஸ்லைடு வெகு இலகுவாக நகரும். மூட்டுவலி உள்ளவர்கள் இத்தகையவற்றையும் ரிவால்வர்களையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

ஐந்தாம் படி: மாற்றிப் பொருத்தக்கூடிய பிடிகள்

ஒரு துப்பாக்கி சிறு அளவில் பொருந்தாமல் போனால் உடனே ஒதுக்கிவிடாமல், அதன் பெட்டியில் வேறு பின்பட்டைகள் (பிடியின் பின்புறத்தில் மாற்றிப் பொருத்தும் தகடுகள்) இருக்கின்றனவா என்று கேளுங்கள். 2010இல் வெளிவந்த நான்காம் தலைமுறை க்ளாக்கில் அடிப்படைப் பிடியின் மேல் 2 மில்லிமீட்டரும் 4 மில்லிமீட்டரும் கூட்டும் பின்பட்டைகள் உடன் வந்தன. ஹெக்லர் அண்ட் கோக் விபி9இல் பின்பட்டைகளோடு பக்கத் தகடுகளையும் தனித்தனியாக மாற்றலாம். சிக் சாவர் பி320இல் விசையும் சுடும் பொறியும் அடங்கிய இயங்குபகுதியைக் கழற்றி, சிறிய, நடுத்தர, பெரிய பிடிச்சட்டங்களில் எதிலும் வைத்துக்கொள்ளலாம். 2 மில்லிமீட்டர் என்பது காகிதத்தில் அற்பமாகத் தெரியும். விசையின் மேல் விரல் அமரும் இடம் அதனால் மாறிவிடுவதைக் கையில் வைத்துப் பார்த்தால் உணர்வீர்கள்.

ரிவால்வரில் பிடியை மாற்றுவது இன்னும் எளிது. சட்டத்தின் பின்புறத்தையும் மூடிக்கொள்ளும் ரப்பர்ப் பிடி பின்னுதைப்பைத் தணிக்கும், ஆனால் விசையைத் தொலைவாக்கும். பின்புறத்தைத் திறந்துவிடும் மரப்பிடி விசையை அருகில் கொண்டுவரும், ஆனால் உதைப்பைக் கையில் உணரச் செய்யும்.

ஆறாம் படி: கண்மூடிச் சோதனை

காலியான துப்பாக்கியுடன் பாதுகாப்பான திசையில் ஓர் இலக்கைப் பார்த்துவிட்டுக் கண்களை மூடி, துப்பாக்கியை இயல்பாக உயர்த்திக் கண்களைத் திறங்கள். குறிபார்க்க உதவும் முன்குறி பின்குறியின் இடுக்கில் நேராக நின்றால் பிடியின் சாய்வு உங்கள் மணிக்கட்டுக்கு ஒத்துவருகிறது. மேலே சொன்ன கோல்ட் 1911 வகையில் பழகியவர் க்ளாக்கை உயர்த்தினால் முன்குறி பெரும்பாலும் மேலே நிற்கும். க்ளாக்கின் பிடிச்சாய்வு சற்று அதிகம். பலர் இந்தச் சோதனைக்குப் பெருமதிப்பு தருகிறார்கள். நான் அவ்வளவு தருவதில்லை. மேல்கீழ் வேறுபாடு சில வாரப் பயிற்சியில் நேராகிவிடும். முன்குறி இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகி நின்றால் மட்டும் இரண்டாம் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.

ஏழாம் படி: சுட்டுப் பார்த்தல்

வாடகைக்குத் துப்பாக்கி தரும் சுடுதளம் இருந்தால், இறுதியாகத் தேர்ந்த இரண்டு அல்லது மூன்றை அங்கே சுட்டுப் பாருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் காப்பு அணிந்து, 5 முதல் 7 மீட்டர் தொலைவில், ஐந்தைந்து குண்டுகளாகச் சுடுங்கள். குண்டுகள் விழுந்த இடத்தை விட உங்கள் கைகளைக் கவனியுங்கள். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் பிடியைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறதா? துணைக்கை நழுவுகிறதா? கட்டைவிரல் ஸ்லைடு நிறுத்தியின் மேல் படிந்து, கடைசிக் குண்டுக்குப் பின் ஸ்லைடு பின்னால் நிற்காமல் மூடிக்கொள்கிறதா? ஒரே அளவுத் தோட்டாவைச் சுடும் இரண்டில் எடை குறைந்தது கையைக் கூடுதலாக உதைக்கும். கடையில் கையடக்கமாக இருந்தது 50 குண்டுகளுக்குள் கவட்டையைச் சிவக்கச் செய்வது இதனால்தான்.

ஒவ்வொரு துப்பாக்கியிலும் கடைசி ஐந்து குண்டுகளுக்கு முன், துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் கைகளைத் தளர்த்துங்கள். பிறகு மீண்டும் எடுத்து, யோசிக்காமல் பிடித்து, விரலை விசைக்குக் கொண்டுசெல்லும் முன் மேலிருந்து பாருங்கள். முன்கையும் குழலும் தாமாகவே ஒரே கோட்டில் வந்து நிற்கும் துப்பாக்கியின் பெயரையும், அதில் அப்போது பொருத்தியிருந்த பின்பட்டையின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது அதே பின்பட்டையைப் பொருத்தித் தரச் சொல்ல வேண்டும்.