ஏரி ஏன் நிரம்பவில்லை? எட்டாம் வகுப்பில் சிக்கல்வழிக் கற்றல்

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1960களின் இறுதியில் மருத்துவ மாணவர்களுக்காக உருவான சிக்கல்வழிக் கற்றலில், பாடம் முடிந்தபின் கேள்வி வருவதில்லை. சிக்கல் முதலில் வருகிறது, அதைத் தீர்க்கத் தேவையான பாடத்தை மாணவர்களே தேடுகிறார்கள். சமூக அறிவியலில் இது கைகூடுவது, பெரும்பாலும், ஆசிரியர் அந்தச் சிக்கலை எப்படி எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது.

"நீர்நிலைகளின் முக்கியத்துவத்தை விவரி" என்பதற்கு விடை பாடநூலிலேயே இருக்கிறது. "நல்ல மழை பெய்த ஆண்டிலும் நம் ஊர் ஏரி ஏன் நிரம்பவில்லை; கிராம சபையில் நாம் என்ன கோரலாம்?" என்று எழுதினால் புவியியலும் வரலாறும் குடிமையியலும் ஒன்றாகத் தேவைப்படும்.

முதல் பாடவேளையில் கரும்பலகையை மூன்றாகப் பிரித்து, தெரிந்தவை, தெரிய வேண்டியவை, யாரிடம் கேட்பது என்று மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். அப்போது விளக்கம் சொல்லத் துடிக்கும் நாவை அடக்குவதுதான் ஆசிரியருக்குக் கடினமான வேலை. பிறகு ஐவர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கிராம வரைபடத்தையும், ஊர் நிலங்களின் வகையையும் உரிமையையும் குறிக்கும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டையும், இன்னொன்றுக்கு ஏரிநீரால் பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்களின் விவசாயிகளையும், மற்றொன்றுக்கு வரத்துக் கால்வாயையும் உபரிநீர் வழிந்தோடும் கலிங்கையும் ஒதுக்கலாம். களத்துக்குச் செல்லும் குழுவுடன் பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். ஏரி யாருடைய பொறுப்பு என்பதையும் அவர்களே கண்டறியட்டும்: தமிழ்நாட்டில் பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கின்றன.

விசாரணை பெரும்பாலும் ஆக்கிரமிப்பில் வந்து நிற்கும். வகுப்பில் ஒரு மாணவியின் வீடே ஏரிப் புறம்போக்கில் இருக்கக்கூடும். ஆகவே, யார் ஆக்கிரமித்தார் என்று பெயர் தேடுவதை முன்கூட்டியே விலக்கிவிட்டு, எந்த நிலம், எப்போது, எதற்காக மாறியது என்று மட்டும் கேட்கச் செய்யுங்கள். கடைமடை விவசாயி, புறம்போக்கில் குடியிருப்பவர், ஊராட்சித் தலைவர் ஆகிய மூவரின் நிலையிலிருந்தும் ஒவ்வொரு குழுவும் பேச வேண்டும் என்று விதித்தால், ஆக்கிரமிப்புகளை அகற்ற வழிசெய்யும் 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தை வாசிக்கும்போது, வெளியேற்றப்படுபவர் எங்கே போவார் என்ற கேள்வியை மாணவர்களே எழுப்புவார்கள். அந்த இடத்தில் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இறுதியில் ஒரு பக்க மனு தயாராகட்டும். கிராம சபையின் உறுப்பினர்கள் வாக்காளர்களே என்பதால், பெற்றோர் வழியாக அக்டோபர் 2 கூட்டத்தில் அதை அளிக்கலாம். மதிப்பெண்ணை மனுவின் வெற்றிக்கு வழங்காமல், ஒவ்வொரு கூற்றுக்கும் என்ன சான்று காட்டினார்கள், முரண்பட்ட இரு சான்றுகளை எப்படி எடைபோட்டார்கள் என்பதற்கு வழங்குங்கள்.