பாட்லக் விருந்துக்கு ப்ளூ சீஸ் சேர்த்த டெவில்ட் முட்டை

அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்கள் ஆவதற்குள் அலுவலகத்திலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ பாட்லக் விருந்துக்கு அழைப்பு வந்துவிடும். ஆளுக்கொரு பண்டம் கொண்டுவந்து பகிர்ந்து உண்ணும் இவ்விருந்துக்குப் பிரியாணி கொண்டு போகலாம்தான். ஆனால் அதைச் சூடாக வைத்திருக்க அங்கே வழி உண்டா என்பது போய்ச் சேர்ந்த பிறகே தெரியும். குளிர்ந்த நிலையிலேயே பரிமாறப்படுவதும், ஈஸ்டர் முதல் தேங்க்ஸ்கிவிங் வரை அமெரிக்கர்கள் விரும்பி எடுத்து உண்பதுமான டெவில்ட் முட்டை இந்தக் கவலையைத் தருவதில்லை. அவித்த முட்டையை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, மஞ்சள் கருவை மயோனைஸும் கடுகு விழுதும் சேர்த்துப் பிசைந்து, மறுபடியும் அதே குழியில் நிரப்புவதுதான் இதன் அடிப்படை. இலங்கை உணவகங்களில் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிரட்டித் தரும் டெவில் வகைகளை நினைத்து இதைக் கடிப்பவர்கள் ஏமாறுவார்கள். இதில் காரம் பெயரளவுக்குத்தான்.

முட்டையை விருந்துக்கு ஒரு வாரம் முன்பாகவே வாங்கி வைத்துவிடுங்கள். புது முட்டையின் வெள்ளைக்கரு உள்தோலோடு ஒட்டிக்கொள்வதால் உரிக்கும்போது பிய்ந்து போகும். நாளாக ஆக ஓட்டின் நுண்துளைகள் வழியே கரியமில வாயு வெளியேறி, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுவதால் ஓடு எளிதில் கழன்றுவரும். பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் மூன்று இலக்க எண் முட்டை பெட்டியில் அடைக்கப்பட்ட நாளைக் குறிக்கும். 001 என்றால் ஜனவரி 1, 365 என்றால் டிசம்பர் 31. இங்கே கடைக்கு வரும் முட்டைகள் கழுவப்பட்டு, ஓட்டின் மேலிருக்கும் இயற்கைப் பூச்சை இழந்தவை என்பதால், ஊரில் வைப்பதுபோல அவற்றை வெளியே கூடையில் வைக்கக் கூடாது.

குளிர்ந்த நீரில் முட்டையைப் போட்டு அடுப்பை மூட்டும் பழக்கத்தை இதற்கு மட்டுமாவது விட்டுவிடுங்கள். கொதிக்கும் நீரில் கரண்டியால் மெதுவாக இறக்கி 12 நிமிடம் அவித்து, உடனே ஐஸ் போட்ட நீருக்கு மாற்றினால் ஓடு சுத்தமாக உரியும். அதிக நேரம் அவித்தால் மஞ்சள் கருவில் உள்ள இரும்பும் வெள்ளைக்கருவிலிருந்து வரும் கந்தகமும் சேர்ந்து பச்சை வளையம் உண்டாகும். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, பார்வைக்குத்தான் நன்றாக இராது. டென்வர் போன்ற உயரமான ஊரில் தண்ணீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், அங்கிருப்பவர்கள் இரண்டொரு நிமிடம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இனி ப்ளூ சீஸ். பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்னும் பூஞ்சையை வேண்டுமென்றே வளர்த்துச் செய்யும் இதன் நெடி முதலில் திடுக்கிட வைக்கும். கருவாட்டு மணம் பழகிய மூக்கு இதற்கும் பழகிவிடும். முதல் முறை வாங்குபவர்களுக்கு மென்மையான கோர்கோன்சோலா டோல்ச்சே பொருத்தமானது. பழகியபின் அயோவா மாநிலத்தின் நியூட்டன் ஊரில் 1941 முதல் செய்யப்படும் மேடேக் ப்ளூ போன்ற காரசாரமானவற்றுக்குப் போகலாம். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் ராக்ஃபோர்ட்டைக் காசு கொடுத்து வாங்கி மயோனைஸில் கரைப்பது வீண் செலவு என்பது என் எண்ணம். முட்டை உண்டாலும் இறைச்சி உண்ணாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோர்கோன்சோலாவையும் ராக்ஃபோர்ட்டையும் உறைய வைக்கப் பயன்படும் ரென்னெட், கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. அத்தகையவர்கள் உறையில் மைக்ரோபியல் அல்லது வெஜிடபிள் ரென்னெட் என்று தெளிவாக எழுதியிருப்பதைத் தேடி வாங்கலாம். வெறும் என்சைம் என்று இருந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. லிஸ்டீரியா தொற்றின் அபாயம் இருப்பதால், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் இதை உண்ணாதிருப்பதே நல்லது.

12 முட்டைக்கு, அதாவது 24 துண்டுகளுக்கு, மூன்றில் ஒரு கப் மயோனைஸ், 60 கிராம் ப்ளூ சீஸ், இரண்டு தேக்கரண்டி டிஜான் கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி மிளகுத்தூள் போதும். இந்தியக் கடைகளில் கிடைக்கும் முட்டையில்லாத மயோனைஸ் பெரும்பாலும் இனிப்பாக இருப்பதால் இதற்கு ஒத்துவராது. கிழக்கே ஹெல்மன்ஸ் என்று விற்கப்படும் மயோனைஸே ராக்கி மலைக்கு மேற்கே பெஸ்ட் ஃபுட்ஸ் என்ற பெயரில் கிடைக்கும். மஞ்சள் கருவை இளஞ்சூட்டிலேயே சல்லடையில் தேய்த்து, மற்றவற்றையும் சீஸில் பாதியையும் சேர்த்து நன்றாகக் குழைத்து, மீதிச் சீஸைச் சிறு துண்டுகளாகவே கலந்துவிடுங்கள்; கடிக்கும்போது ஆங்காங்கே உறைப்பாகத் தட்டுப்படுவதில்தான் இதன் சுவை இருக்கிறது. சீஸிலேயே உப்பு அதிகம் இருப்பதால், ருசி பார்த்த பிறகே உப்பைத் தொட வேண்டும். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் சேர்க்கக் கை பரபரக்கும். சாதாரண டெவில்ட் முட்டைக்கு அவை அழகாகப் பொருந்தும், ப்ளூ சீஸுடன் சேர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். காரம் வேண்டுமானால் பஃபலோ நகரத்து வழியைப் பின்பற்றலாம்: 1964-இல் அந்நகரத்தின் ஆங்கர் பாரில் பிறந்ததாகச் சொல்லப்படும் கோழி இறக்கை வறுவலுக்கு ஹாட் சாஸும் செலரியும் ப்ளூ சீஸும் சேர்ந்தே வருவதால், முட்டையின் மேல் இரண்டு சொட்டு ஹாட் சாஸும் பொடியாக அரிந்த செலரியும் வைத்தால் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

நிரப்பிய முட்டைகள் காரில் வழுக்கி ஒன்றன்மேல் ஒன்று கவிழும் என்பதால், வெள்ளைக்கருப் பாதிகளை ஒரு டப்பாவிலும் கலவையை ஒரு ஜிப்லாக் பையிலும் ஐஸ் வைத்து எடுத்துச் சென்று, பையின் மூலையைக் கத்தரித்து அங்கேயே பிழிந்து நிரப்புங்கள். முட்டை, பால், கடுகு மூன்றும் இருப்பதை ஒரு சீட்டில் எழுதித் தட்டின் அருகே வைப்பது ஒவ்வாமை உள்ளவர்களுக்கு உதவும். அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல், வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் கோடைநாளில் 1 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவராமல் அங்கேயே குப்பையில் போட்டுவிடுங்கள். மீந்த ப்ளூ சீஸை மெழுகுத்தாளில் சுற்றி, அதன் மணம் தயிருக்கும் மாவுக்கும் ஏறாதபடி மூடியுள்ள டப்பாவில் இட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள்.