உயில் எழுதும் முன் வீட்டுப் பத்திரத்தைப் பாருங்கள்: வடசென்னைக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

குடும்பத்துக்காக உயில் எழுத நினைப்பவர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது வீட்டுப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான். ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தாத்தா காலமாகிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் அவர் பெயரிலேயே நிற்கும் வீடுகள் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு போர்ஷனில் குடியிருப்பார்கள், வரியை ஒருவர் கட்டுவார், பாகப்பிரிவினை மட்டும் நடந்திருக்காது. அத்தகைய வீட்டில் ஒருவர் தமக்குரிய பங்கைக் குறித்துத்தான் உயில் எழுத முடியுமே தவிர, தாம் குடியிருக்கும் போர்ஷன் இன்னாருக்கு என்று எழுதி வைத்தால், அது உடன்பிறந்த சகோதர சகோதரிகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒருசேர விரித்து வைத்து, பெயரும் இனிஷியலும் சர்வே எண்ணும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, பெரியவர்கள் இருக்கும்போதே பாகப்பிரிவினைப் பத்திரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

வியாசர்பாடி, புளியந்தோப்பு போன்ற பகுதிகளில் வாரியக் குடியிருப்பு பெற்றவர்கள், ஒதுக்கீட்டு ஆணையை விற்பனைப் பத்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. தவணை முழுவதையும் கட்டி முடித்து, விற்பனைப் பத்திரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கோயில் மனையில் வீடு கட்டியிருப்பவருக்குக் கட்டடம் மட்டுமே சொந்தம் என்பதால், உயிலிலும் அப்படியே எழுத வேண்டும்.

உயில் இல்லாவிட்டால் எல்லாம் மனைவிக்குத்தான் போகும் என்று பலர் நம்புகிறார்கள். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோர் சம பங்கு பெறுகிறார்கள். தாயாரின் பங்கு, அவர் உயில் எழுதாமல் காலமாகும்போது அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் பிரிகிறது. இதனால் இளம் வயதில் கணவரை இழந்த பெண், தான் குடியிருக்கும் வீட்டை விற்கவோ அடமானம் வைக்கவோ நாத்தனார், கொழுந்தன் கையெழுத்துக்குக் காத்திருக்க நேரிடுகிறது; யாரும் கெட்டவர்களாக இல்லாமலேயே இது நடக்கும். கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் பிள்ளைகளுக்கு மீதியும் சேரும். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு வரைதான் உயிலால் கொடுக்க முடியும். அதிலும் வாரிசு ஒருவருக்குக் கொடுப்பதானால் மற்ற வாரிசுகளின் சம்மதம் வேண்டும்.

நாமினி போட்டாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பதும் சரியல்ல. வங்கி வைப்புத்தொகையிலும் பங்குகளிலும் நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே தவிர, அதற்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. பங்குகளைப் பொறுத்தவரை உச்ச நீதிமன்றம் 2023இல் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் நாமினி இல்லாவிட்டால் அலைச்சல் அதிகம். துறைமுகத்திலோ எண்ணூர், மணலி ஆலைகளிலோ வேலை பார்ப்பவர்கள், திருமணமானதும் பி.எஃப். நாமினியைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும்.

உயிலைச் சாதாரண வெள்ளைத்தாளில், தமிழிலேயே எழுதலாம், முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையெழுத்திடுவதை இரண்டு சாட்சிகள் பார்த்து, அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். பிற்பாடு நீதிமன்றம் சென்றால் சாட்சிகளில் ஒருவரையாவது விசாரிப்பார்கள் என்பதால், சொத்தில் பங்கு பெறாத, உங்களைவிட வயதில் இளைய இருவரைத் தேர்ந்தெடுங்கள். நான்கெல்லையைப் பத்திரத்தில் உள்ளபடியே எழுதுங்கள். அடகில் இருக்கும் நகையை, ரசீது எண்ணோடும் கடை பெயரோடும் குறிப்பிடுங்கள். ரசீது எங்கே என்று தெரியாமல் நகை ஏலத்தில் போய்விடக் கூடாது. வயதானவராக இருந்தால், தெளிந்த மனநிலையில் இருக்கிறார் என்ற மருத்துவர் சான்றை உடன் இணைப்பது பின்னால் வரும் வழக்கைத் தாங்கும்.

சென்னை நகரச் சொத்துகளைப் பற்றிய இந்துக்களின் உயிலுக்கு நெடுங்காலமாக இருந்த கட்டாயப் புரோபேட் (உயில் செல்லும் என்று நீதிமன்றம் சான்றளிப்பது) விதி 2025 இறுதியில் நீக்கப்பட்டது; ஆயினும் வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் அது தேவைப்படலாம் என்பதால் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளுங்கள்.

உயிலுக்குப் பதிலாக, உயிரோடு இருக்கும்போதே பிள்ளை பெயருக்கு வீட்டை செட்டில்மென்ட் செய்துகொடுக்கும் வழக்கம் அதிகம். உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். செட்டில்மென்டை அப்படி ரத்து செய்ய முடியாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பெற்றோரைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அதை ரத்து செய்யக் கோருவதற்கு அந்த வரிதான் பிடிமானம்.

உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே நல்லது. நீங்கள் இருக்கும்வரை அதன் நகலை மற்றவர்கள் வாங்க முடியாது. காலத்துக்குப் பின் இறப்புச் சான்றிதழைக் காட்டி வாங்கலாம். எனவே பதிவு எண், ஆண்டு, அலுவலகத்தின் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, ரேஷன் கார்டு இருக்கும் உறையிலேயே வைத்து, மனைவியிடமோ கணவரிடமோ இன்றே சொல்லிவிடுங்கள்.