எல்இடி பல்பு நிலைக்கவில்லையா? முதலில் ஹோல்டரைப் பாருங்கள்

அட்டைப்பெட்டியில் இரண்டு வருட வாரன்டி என்று போட்டிருக்கும். பல்போ ஆறு மாதம் தாண்டாது. ஒரே இடத்தில் இரண்டு பல்பு போய்விட்டதென்றால் மூன்றாவதற்குக் காசு கொடுக்காதீர்கள். அங்கே பெரும்பாலும் கோளாறு பல்பில் இல்லை. ஹோல்டர், சுவிட்ச், மேலே போட்ட மூடி, இவற்றில் ஒன்றில்தான் இருக்கும்.

வேண்டியவை: லைன் டெஸ்டர், சின்ன ஸ்க்ரூ டிரைவர், ஈரமில்லாத மர ஸ்டூல், காலுக்கு ரப்பர் செருப்பு. கை வைக்கும் முன் சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, மெயினையே அணைக்க வேண்டும். ஏன் என்று மூன்றாம் படியில் தெரியும்.

1. இடம் மாற்றிப் பாருங்கள்

எரியாத பல்பை அடுத்த அறையில் மாட்டுங்கள். அங்கே எரிந்தால் பழைய ஹோல்டர்தான் குற்றவாளி. அங்கேயும் எரியாவிட்டால் பல்பு போய்விட்டது. ஏன் போனது என்பதற்கு 4, 5-ஆம் படிகள்.

2. ஹோல்டர்

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் போன்ற குமரி மாவட்டக் கடலோர ஊர்களில் முதலில் சாவது இதுதான். உப்புக்காற்றில் பித்தளைப் பின்னில் பச்சை பூக்கும், உள்ளே ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளரும். பின்னும் பல்பும் சரியாகத் தொடாமல் சின்னச் சின்னப் பொறி பறக்கும். "சர்ர்" என்ற சத்தம் அதுதான். விட்டு விட்டு வரும் கரண்ட், பல்பின் அடியிலிருந்து எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றித் தரும் டிரைவர் என்ற சர்க்யூட்டைத் தின்றுவிடும்.

மெயினை அணைத்து, பல்பைக் கழற்றி, இரண்டு பின்னையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாக அமுக்குங்கள். விட்டதும் துள்ளி மேலே வர வேண்டும். வராவிட்டாலோ, தலை கருகிக் குழி விழுந்திருந்தாலோ ஹோல்டரையே மாற்றுங்கள். தேய்த்துப் பயனில்லை. துருவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவதும் வேண்டாம், தூசிதான் ஒட்டும். புது ஹோல்டர் வாங்கும்போது வயர் மாட்டும் திருகில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே பித்தளை நிறம். கடலோர வீட்டுக்கு ஆகாது.

3. அணைத்த பிறகும் மங்கலாக எரிகிறது

பல்பைக் கழற்றி, சுவிட்சை ஆஃபில் வைத்து, மெயினைப் போடுங்கள். டெஸ்டரின் மேல்மூடியில் விரலை வைத்து ஒவ்வொரு பின்னாகத் தொடுங்கள். நுனி இரண்டு பின்னிலும் ஒருசேரப் படக்கூடாது. ஒன்றில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தால் சுவிட்சை, கரண்ட் வரும் பேஸ் வயரில் போடாமல் அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சுவிட்ச் ஆஃப், ஹோல்டரில் 230 வோல்ட்! மங்கல் வெளிச்சத்தை விட இதுதான் ஆபத்து. வயர்மேனை அழைத்து பேஸை சுவிட்சுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

டெஸ்டர் பளிச்சென்று எரியவில்லை, ஆனால் சுவிட்சில் குட்டிச் சிவப்பு விளக்கு இருக்கிறதா? அதன் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் போதும், எல்இடி கண்சிமிட்டும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. மேலும் கீழும் ஒவ்வொரு சுவிட்ச் உள்ள மாடிப்படி டூ-வே வயரிங்கில் நீளமான வயர்கள் ஒட்டி ஓடுவதாலும் இப்படி வரும். அதற்கு ஹோல்டருக்குக் குறுக்காக 0.1 மைக்ரோஃபாரட், 275 வோல்ட் எக்ஸ்2 கெப்பாசிட்டர் ஒன்றை வயர்மேன் மாட்டித் தருவார். மழைக்காலத்தில் மட்டும் மினுங்கினால் ஈரச் சுவரைச் சந்தேகியுங்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை என்று வரும் நம் மாவட்டத்தில் சுவர் காய்வதற்கே நேரம் கிடைப்பதில்லை.

4. சூடு

சிட்அவுட்டில் கண்ணாடி உருண்டைக்குள் 12 வாட் பல்பைப் போட்டு மூடினால் சூடு வெளியேற வழியில்லை. தலைகீழாகத் தொங்கும் பல்பில் சூடு மேலேறி நேராக டிரைவரில் அடிக்கும். அங்குள்ள கெப்பாசிட்டரின் ஆயுள், வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய பாதியாகும். மூடிய விளக்கில் 7 வாட்டுக்கு மேல் வேண்டாம்.

செத்த பல்பின் வெள்ளை மூடியைத் திறந்தால் ஒரு சிப்பில் மட்டும் கரும்புள்ளி தெரியலாம். சிப்புகள் வரிசையாக இணைந்தவை, ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. அந்தச் சிப்பை ஷார்ட் செய்து எரியவைக்கும் வீடியோக்களை நம்பாதீர்கள். பெரும்பாலான பல்புகளில் அந்தத் தட்டு நேரடியாக மெயின் கரண்டோடு தொடர்புள்ளது.

5. வோல்டேஜ்

சாயங்காலம் மட்டும் மங்கினால் லோ வோல்டேஜ். சில பல்புகள் திடீரென மிக வெளிச்சமாகவும் சில மங்கலாகவும் எரிந்தால் நியூட்ரல் தளர்ந்திருக்கலாம். உடனே மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். ஃபிரிட்ஜும் டிவியும் போய்விடும் கோளாறு அது.

6. புதிது வாங்கும்போது

வாட்டை மட்டும் பார்க்காதீர்கள், வெளிச்சத்தின் அளவான லூமனைப் பாருங்கள். 9 வாட்டுக்குச் சுமார் 900 இருந்தால் நல்லது. வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்வது கெல்வின்: அடுக்களைக்கு 6500 (வெள்ளை), படுக்கை அறைக்கு 3000 (மஞ்சள்). "100–300 வோல்ட்" என்று அச்சடித்ததை எடுங்கள். வாங்கிய தேதியை மார்க்கரால் பல்பின் கழுத்தில் எழுதி, பில்லைப் பெட்டியோடு வையுங்கள். பில் இல்லாமல் வாரன்டி கேட்டால் கடையில் கை விரிப்பார்கள்.