தீபாவளியில் சத்தத்தையும் புகையையும் குறைப்பது எப்படி? முதல்முறை முயல்பவர்களுக்கான செய்முறை

"இந்த வருஷம் பட்டாசே கிடையாது" என்று வீட்டில் அறிவித்துவிட்டு, சாயங்காலம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்கு ஓடிய அப்பாக்கள் நிறையப் பேர். அதனால் பட்டாசை ஒரேயடியாக ஒழிக்கும் வழி எதையும் இங்கே சொல்லப்போவதில்லை. தெருவில் இருக்கும் கைக்குழந்தைக்கும், மூச்சிரைப்பு உள்ள தாத்தாவுக்கும், கட்டிலுக்கு அடியில் ஒடுங்கும் நாய்க்கும் தொந்தரவு குறைந்து, வீட்டுப் பிள்ளைகளுக்கும் தீபாவளி தீபாவளியாகவே இருக்க என்ன செய்யலாம் என்பதுதான் விஷயம்.

தொடங்கும் முன் ஒன்று. சத்தம் ஒரு கணக்கு, புகை வேறு கணக்கு. சத்தம் போடாத பட்டாசு புகையும் விடாது என்று நம்பி வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

படி 1: பணம் கட்டும் முன்பே பேசுங்கள்

பட்டாசுச் சீட்டு போட்டிருந்தால் ஆயுத பூஜை வாக்கிலேயே சீட்டு பிடிப்பவரிடம் பேசிவிடுங்கள். கிஃப்ட் பாக்ஸ் கைக்கு வந்த பிறகு அதில் இருக்கும் அணுகுண்டை யாரும் தூக்கிப் போடப் போவதில்லை. பெட்டிக்குப் பதிலாக இனிப்போ மளிகையோ வெள்ளிக்காசோ தரும் சீட்டுகளும் உண்டு; பாதிக்குப் பாதி மாற்றித் தரவும் சிலர் சம்மதிப்பார்கள்.

வீட்டில் பேசும்போது "என்ன வேண்டாம்" என்று கேட்காதீர்கள். "உனக்கு ரொம்பப் பிடித்தது எது, மூன்று சொல்லு" என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் புஸ்வாணம், சக்கரம், துப்பாக்கி என்றுதான் சொல்வார்கள். பத்தாயிரம்வாலா பெரும்பாலும் பெரியவர்களின் ஆசை.

படி 2: பட்டியலைச் சத்தம், புகை என்று இரண்டாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். சத்தப் பத்தியில் லட்சுமி வெடி, குருவி வெடி, அணுகுண்டு, ஹைட்ரோ பாம், டபுள் ஷாட், சரவெடி. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலுக்கு மேல் சத்தம் வரும் பட்டாசைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்பது 1999 முதல் உள்ள மத்திய அரசின் விதி. ஆனால் அந்த 125-ஏ சாதாரணமானதல்ல. குடியிருப்புப் பகுதிக்குச் சட்டம் அனுமதிக்கும் பகல் நேர அளவு 55 டெசிபல்தான். டெசிபல் கணக்கில் 10 கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இந்தப் பத்தியை அநேகமாக முழுதாக அடித்துவிடலாம். ஆசைக்கு ஒரு பாக்கெட் ஓலை வெடியோ பிஜிலியோ போதும். சரவெடி விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம்: தொடர்ச்சியாகக் கோத்த பட்டாசுகளை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே தடை செய்துவிட்டது.

புகைப் பத்திதான் பலருக்கு ஆச்சரியம் தரும். புனேயின் செஸ்ட் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆறு வகைப் பட்டாசுகளைக் கொளுத்தி அளந்து, 2016-இல் முடிவை வெளியிட்டது. நுண்துகளை அதிகம் கக்கியது எது தெரியுமா? பாம்பு மாத்திரை. சத்தமே இல்லாமல், தரையில் கறுப்பாக நெளிந்து வருமே, அதேதான். அடுத்த இடம் சரவெடிக்கு. கம்பி மத்தாப்பும் சங்கு சக்கரமும் அதற்குக் கீழே. ஆறில் மிகக் குறைவு புஸ்வாணம். பாம்பு மாத்திரை "சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லாதது" என்று பெயரெடுத்த சரக்கு. பிள்ளைகளும் அதன் மேலேயே குனிந்து உட்கார்ந்துதான் பார்ப்பார்கள். என் கருத்தில், மற்ற எதை விட்டாலும் விடாவிட்டாலும் இதை வாங்கக் கூடாது.

அப்புறம் மிஞ்சுவது: புஸ்வாணம், தரைச்சக்கரம் கொஞ்சம், கம்பி மத்தாப்பு அளவாக, கேப் துப்பாக்கி. கேப்பில் மருந்து மிகக் கொஞ்சம், அதனால் புகையும் கொஞ்சம்தான். ஆனால் காதுக்குப் பக்கத்தில் சுட விடாதீர்கள். ராக்கெட்டை நெருக்கமான தெருவில் விட வேண்டாம். ஓலைக் கூரையும் வைக்கோல் போரும் இருக்கும் ஊரில் அதைச் சொல்லவே தேவையில்லை.

படி 3: கடையில் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

பசுமைப் பட்டாசு என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. சி.எஸ்.ஐ.ஆர். – நீரி முத்திரையும் கியூஆர் குறியீடும் பெட்டி மேல் இருக்க வேண்டும். நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் உருவாக்கிய இந்த வகை 2019-இல் சந்தைக்கு வந்தது. வழக்கமான பட்டாசைவிட ஏறத்தாழ 30 சதவீதம் துகள் குறைவு. அப்படியென்றால் மீதி 70 சதவீதம் வருகிறது. "பசுமைதானே" என்று இரண்டு மடங்கு வாங்கினால் பழைய கணக்கைத் தாண்டிப் போய்விடும்.

பேரியம் உப்புகள் சேர்த்த பட்டாசுக்கும் தடை இருக்கிறது. மத்தாப்பில் பளிச்சென்ற பச்சை நிறம் வழக்கமாகப் பேரியத்தால் வருவது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், நீலத்துக்குத் தாமிரம், வெள்ளைப் பொறிக்கு அலுமினியம் அல்லது மக்னீசியம். எந்த நிறமானாலும் எரிந்து முடிந்ததும் அந்த உலோகத் தூள்தான் காற்றில் மிதக்கிறது.

உரிமம் உள்ள கடையிலேயே வாங்குங்கள். பட்டாசை ஆன்லைனில் விற்பதற்கும் 2018 தீர்ப்பில் தடை உண்டு. பெயர் ஊர் இல்லாத பெட்டியில் என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்று யாருக்கும் தெரியாது. சிவகாசித் தொழிலாளியின் பிழைப்பை நினைத்துத்தான் வாங்குகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான்: உரிமம் இல்லாத கொட்டகைகளில் கருகுவது அவர்களுடைய கைகள்.

படி 4: நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் 2018 முதல் தீபாவளியன்று காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று இரண்டு மணி நேரம்தான் அரசு அனுமதி. அந்தந்த வருஷ அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கு எப்போதும் இடமில்லை. நேரம் தாண்டியதற்காக ஒவ்வொரு வருஷமும் போலீஸ் வழக்குப் போடுகிறது.

நம் வழக்கம் விடியலில்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி கட்டி, முதல் வெடியை வைத்தால்தான் நரகாசுரன் போன மாதிரி இருக்கும். ஆனால் புகைக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது. இரவெல்லாம் தரை குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துக் கிடக்கும். மேலே இருக்கும் சற்றுச் சூடான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல அதை அமுக்கி வைத்திருக்கும். விடுகிற புகை மேலே போக வழியில்லாமல் தெருவிலேயே, மூக்கு மட்டத்திலேயே நிற்கும். வெயில் ஏறித் தரை சூடான பிறகுதான் கலையும்.

ஆகவே காலையில் சாஸ்திரத்துக்கு ஒன்றிரண்டு, அதுவும் மணி ஏழு ஆகப்போகும்போது. மீதியை ராத்திரி ஏழு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் உங்கள் ஊர்க் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 200-ஐத் தாண்டியிருந்தால் காற்று ஏற்கெனவே மோசம் என்று பொருள். அன்று மீதிப் பட்டாசைக் கட்டி வைத்துவிடலாம். மழை தூறி ஓய்ந்த சாயங்காலம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

படி 5: ஒரு தெருவுக்கு ஒரு இடம்

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம், வழிபாட்டுத் தலம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். இது சட்டம். இதற்கு மேல் உங்கள் தெருவில் நீங்களே ஒன்று செய்யலாம்: வாசலுக்கு வாசல் கொளுத்தாமல், முனையில் உள்ள காலி மனையிலோ மைதானத்திலோ எல்லாரும் சேர்ந்து கொளுத்துவது. திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இரண்டு பக்கமும் மாடி வீடுகள் இருக்கும் சந்தில் அப்படிக் குறையாது. சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

கூட்டாகச் செய்தால் வாங்குவதும் தானாகக் குறைகிறது. பத்து வீட்டுப் பிள்ளைகள் வட்டமாக நின்றால் ஒரு புஸ்வாணம் பத்துப் பேருக்கும் காட்சிதான். அபார்ட்மெண்டில் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு வாரம் முன்பே "அக்கா, அண்ணா, எங்கள் வீட்டில் பச்சைக் குழந்தை இருக்கிறது, கீழே பார்க்கிங்கில் மட்டும் வேண்டாம்" என்று நயமாகச் சொன்னால் கேட்காதவர்கள் குறைவு. வெடித்த பிறகு போய்ச் சண்டை போட்டால் அடுத்த வெடி உங்கள் வாசலில்தான்.

ஊரே சேர்ந்து முடிவெடுத்த இடங்களும் நம்மிடம் இருக்கின்றன. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியில் வலசை வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று பல வருஷங்களாக வெடி வைப்பதில்லை. தீபாவளிக்கு வனத்துறையினர் இனிப்போடு அந்த ஊருக்குப் போகிறார்கள்.

படி 6: கொளுத்தும்போது

முதலில் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஊதுபத்தியைப் பற்ற வைத்துப் பிடித்தாலே தெரிந்துவிடும். காற்று உங்கள் முதுகில் பட வேண்டும், புகை உங்களை விட்டு விலகிப் போக வேண்டும். கம்பி மத்தாப்பில் இது ரொம்ப முக்கியம். ஐந்து வயதுப் பிள்ளையின் கை நீளம் எவ்வளவு? அவ்வளவு தூரத்தில்தான் புகை. கையை நீட்டிப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. எரிந்து முடிந்த கம்பி கறுத்து அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் காலில் மிதித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், முடிந்த கம்பி நேராக அதற்குள்.

பருத்தி உடை, காலில் செருப்பு. புதுப் பட்டுப்பாவாடையை வெடி முடிந்த பிறகு கட்டிவிடலாம். நமுத்த பட்டாசு சரியாக எரியாமல் புகைந்துகொண்டே இருக்கும். திடீரென்று வெடிக்கவும் செய்யும். அதைக் கிட்டப் போய் ஊதிப் பார்க்க வேண்டாம், தள்ளி நின்று தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சுட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள் எதுவும் தடவ வேண்டாம். காயம் பெரிதென்றாலோ கண்ணில் பொறி பட்டாலோ கசக்காமல் நேரே மருத்துவமனை; வண்டி இல்லையென்றால் 108.

படி 7: உள்ளே இருப்பவர்களுக்கு

ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் அந்த இரண்டு மணி நேரமும் தெருப் பக்கத்து ஜன்னலை மூடி, இன்ஹேலரைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம். கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் நுண்துகளைத் தடுக்காது.

நாய், பூனை இருந்தால் காலை ஆறுக்குள்ளும் சாயங்காலம் ஏழுக்குள்ளும் வெளியே கூட்டிப்போய்த் திரும்பிவிடுங்கள். பிறகு உள்ளறை, திரை போட்ட ஜன்னல், ஓடும் ஃபேன் அல்லது டிவி. கட்டிப்போடாதீர்கள். மிரட்சி ரொம்ப அதிகமென்றால் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே பாருங்கள், மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துக் கொடுக்க வேண்டாம். தெருநாய்க்கு மாடிப்படிக்கு அடியில் ஒரு சாக்கு போட்டு, கேட்டைக் கொஞ்சம் திறந்து வைத்தாலே போதும்.

படி 8: மிஞ்சிய நேரத்தை நிரப்புங்கள்

பட்டாசு குறைந்தால் ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளைகள் "அவ்வளவுதானா?" என்பார்கள். அதற்கு முன்னேற்பாடு இல்லாவிட்டால் இவ்வளவு திட்டமும் வீண். வாசலில் அகல் வரிசையைப் பிள்ளைகளே ஏற்றட்டும். பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு நாலு வீட்டுக்கு அவர்களை அனுப்புங்கள், அதுவே ஒரு மணி நேரம் ஓடும்.

நெருப்பு விளையாட்டே வேண்டும் என்றால் திருக்கார்த்திகை மாவளி இருக்கிறது. பனையின் ஆண் பூவைக் காயவைத்து, மூட்டம் போட்டுக் கரியாக்கி, பொடித்து, பருத்தித் துணியில் இறுகச் சுருட்டுவார்கள். பிளந்த பனைமட்டைக்கு நடுவே அதை வைத்துக் கட்டி, ஒரு முனையில் நீளமாகக் கயிறு. துணியில் கங்கு பிடித்ததும் தலைக்கு மேல் சுற்றினால் பொன்னிறப் பொறி வட்டமாகக் கொட்டும். சத்தம் துளியும் கிடையாது, பேரியமும் அலுமினியமும் கிடையாது. சுற்றுகிறவர் பெரியவராக இருக்க வேண்டும், சுற்றிலும் வெட்டவெளி வேண்டும். கார்த்திகைக்கு முன் இதைச் செய்து விற்பவர்கள் இப்போது கிடைக்கிறார்கள். தீபாவளிக்கும் கேட்டுப் பாருங்கள்.

படி 9: மறுநாள் காலை

பட்டாசுக் குப்பையை உலர்ந்தபடியே பெருக்கினால் மருந்துத் தூள் மறுபடி மூக்குக்குத்தான் வரும். தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள். கூட்டி ஒன்றாகக் கொளுத்துவது கூடவே கூடாது. வெடிக்காத வெடி அதற்குள் இருக்கும், அதோடு முந்தின நாள் மிச்சம் வைத்த புகையை நாமே விட்ட கதையாகும். தனிச் சாக்கில் கட்டி, தூய்மைப் பணியாளரிடம் "இது பட்டாசுக் குப்பை" என்று சொல்லிக் கொடுங்கள். சென்னையில் மாநகராட்சி இதைத் தனியாகச் சேகரித்துக் கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்புகிறது.

கொளுத்தாமல் மிஞ்சியதைக் கார்த்திகைக்கு எடுத்து வைப்பதானால் ஈரம் படாத அட்டைப் பெட்டியில், அடுப்பங்கரைக்கும் பூஜை அறைக்கும் தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில். பரணில் போட்டு அடுத்த தீபாவளி வரை மறந்துவிட வேண்டாம்.