பழைய ஃபிளாஷ் பாடங்களை மீட்பது எப்படி

ஊசல் பாடத்தைத் திறந்தேன். ஒரு சாம்பல் கட்டம் வந்தது, அதன் நடுவே ஒரு புதிர்த்துண்டுப் படம். அவ்வளவுதான். 2006-இல் மூன்று வாரம் உட்கார்ந்து ஃபிளாஷில் செய்த பாடம் அது. பிரவுசருக்குள் அசையும் படம், ஒலி, விளையாட்டு எல்லாம் ஓட்டிய அடோபி நிறுவனத்தின் மென்பொருள்தான் ஃபிளாஷ், இன்றைய பிரவுசர்கள் அதை ஓட்டுவதில்லை. நூலின் நீளத்தை மவுஸால் இழுத்துக் கூட்டலாம், குண்டின் எடையை மாற்றலாம். எடை கூடினாலும் அலைவு நேரம் மாறவில்லை என்பதைப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே கண்டுபிடிப்பார்கள். இதுபோல 140 அறிவியல் பாடங்கள் என் ஹார்டு டிஸ்கில் தூங்குகின்றன. எட்டு மாதமாக ஒவ்வொன்றாக எழுப்பிக்கொண்டிருக்கிறேன், தொண்ணூற்றுச் சொச்சம் எழுந்துவிட்டன. உங்களிடமும் இப்படி ஒரு மூட்டை இருந்தால், நான் முட்டிக்கொண்ட இடங்களில் நீங்கள் முட்ட வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஃபிளாஷ் ஒரு பிளக்இன். பிளக்இன் வேறு, எக்ஸ்டென்ஷன் வேறு. விளம்பரத்தைத் தடுக்க நாம் போட்டுக்கொள்வது எக்ஸ்டென்ஷன். அது பிரவுசர் கொடுக்கும் வசதிகளை வைத்து, பிரவுசரின் விதிகளுக்குள் வேலை செய்கிறது. பிளக்இன் அப்படியல்ல. அது கணினியில் நேரடியாக ஓடும் தனி மென்பொருள். பக்கத்தில் ஒரு செவ்வகத்தைப் பிரவுசர் அதற்கு ஒதுக்கிக் கொடுத்துவிட்டு விலகி நின்றுகொள்ளும். அந்தச் செவ்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்று பிரவுசருக்குத் தெரியாது. 1995-இல் நெட்ஸ்கேப் பிரவுசர் இந்த வழியைத் திறந்தது, மறு ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு ஆக்டிவ்எக்ஸ் என்று இதே போன்ற ஒரு வழியைக் கொண்டுவந்தது. ஃபிளாஷ், ஜாவா ஆப்லெட், ஷாக்வேவ், குவிக்டைம், ரியல்பிளேயர், பின்னால் 2007-இல் சில்வர்லைட் எல்லாம் இந்தச் செவ்வகத்துக்குள் குடியேறியவைதான்.

இன்று ஃபிளாஷைத் திட்டுவது சுலபம். அந்தக் காலத்தில் வேலை செய்தவர்களுக்குத்தான் தெரியும், அது எவ்வளவு பெரிய விடுதலை என்று. ஒரே பக்கம் ஒரு பிரவுசரில் ஒழுங்காகவும் இன்னொன்றில் கோணல்மாணலாகவும் வரும் நாட்கள் அவை. ஃபிளாஷில் செய்தால் எங்கே திறந்தாலும் ஒரே முகம். வெக்டர் படம், அதாவது புள்ளி புள்ளியாக இல்லாமல் கோடுகளின் கணக்காகச் சேமிக்கும் படம் என்பதால் கோப்பு சின்னது. ஊசல் பாடம் ஒலியோடு சேர்த்து 88 கிலோபைட். டயல்அப் இணைப்பில்கூட ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதற்குள் வந்துவிடும். எழுத்துருவையும் உள்ளேயே பொதிந்துவிடலாம், பார்ப்பவர் கணினியில் அந்த எழுத்துரு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு எல்லாக் கணினியிலும் சரியாகத் தெரியாத காலத்தில் தமிழில் பாடம் செய்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வீடியோவுக்கும் அப்படித்தான். எந்த பிளேயர் இருக்கிறது என்று பார்ப்பவரைக் கேட்டுக் கேட்டுச் சலித்த வேளையில் ஃபிளாஷ் வந்து அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டது. 2005-இல் யூடியூப் தொடங்கியதும் ஃபிளாஷின் முதுகில் ஏறித்தான்.

எல்லாம் உள்ளேயே இருந்ததுதான் அதன் பலம். தொல்லையும் அதனால்தான் வந்தது. பெட்டிக்குள் இருக்கும் எழுத்தைப் பெரும்பாலும் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது, பக்கத்தில் தேடினால் சிக்காது. பாடத்தின் ஏழாவது படியில் இருக்கும் பிள்ளை ‘பின்செல்’ பொத்தானை அழுத்தினால் ஆறாவது படி வராது, பாடத்தை விட்டே வெளியே போய்விடும். பார்வையற்ற மாணவர்களுக்குத் திரைவாசிப்பான் உதவி 2002-இல் வந்த ஃபிளாஷ் 6-இலேயே கிடைத்தது. ஆனால் ஒவ்வொரு பொத்தானுக்கும் விளக்கம் எழுதி நிரப்ப வேண்டியது பாடம் செய்பவர் வேலை. என் 140 பாடங்களில் ஒன்றில்கூட நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பழியை ஃபிளாஷ் மேல் போட மனம் வரவில்லை.

பாதுகாப்பு ஓட்டைகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பிரவுசரின் காவலுக்கு வெளியே, பயனரின் முழு உரிமையோடு ஓடும் மென்பொருளில் ஓட்டை விழுந்தால் வீடே திறந்த கதைதான். 2015 ஜூலையில் ஒட்டுத் திருத்தம் வராத ஓட்டைகள் அடுத்தடுத்து வெளியானபோது ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தயாரிக்கும் மொஸில்லா ஃபிளாஷைத் தற்காலிகமாகத் தடுத்தே வைத்தது. அதற்கு முன்பே கைபேசி பக்கம் கதவு சாத்தப்பட்டுவிட்டது. ஐபோனில் ஃபிளாஷ் ஓடவே இல்லை, 2011-இல் அடோபியே கைபேசி ஃபிளாஷைக் கைவிட்டது. 2020 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் பிளேயரே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது. 2020 முடிவில் நிறுத்துவோம் என்று 2017-இலேயே அறிவித்ததுதான். மூன்றரை வருடம் அவகாசம் இருந்தது, நான் கடைசி மாதம்வரை சும்மா இருந்தேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, கோப்புகளைப் பிரிப்பது. எல்லாவற்றையும் ‘ஃபிளாஷ்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்போம், உள்ளே பார்த்தால் நாலு ஜாதி இருக்கும். என் மூட்டையில் எஸ்டபிள்யூஎஃப், அதாவது ஃபிளாஷில் செய்து முடித்த கோப்பு 121, எஃப்எல்வி வீடியோ 11, ஜாவா ஆப்லெட் 5, ஷாக்வேவ் 3. பெயரின் வாலை நம்ப வேண்டாம், கோப்பின் பைட்டுகளை அப்படியே காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து முதல் மூன்று எழுத்தைப் பாருங்கள். எஃப்டபிள்யூஎஸ், சிடபிள்யூஎஸ், இசட்டபிள்யூஎஸ் என்று மூன்றில் ஒன்று இருந்தால் அது ஃபிளாஷ். முதலாவது சுருக்கப்படாதது, மற்ற இரண்டும் சுருக்கப்பட்டவை. ஷாக்வேவ் பெயரைப் பார்த்து ஃபிளாஷின் தம்பி என்று நினைத்து நான் இரண்டு நாள் வீணடித்தேன். அது டைரக்டர் என்ற வேறு மென்பொருளில் செய்தது, ஃபிளாஷுக்கான கருவிகள் எதுவும் அதைத் தொடாது.

இதைத் தொடங்கும் முன்பே மூட்டை முழுவதையும் இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். மூலக் கோப்பு, அதாவது எஃப்எல்ஏ, இருந்தால் அதற்குத் தனி மரியாதை. என்னிடம் பாதிக்குத்தான் இருக்கிறது. மீதி, பாடங்களை ஏற்றி வைத்திருந்த சர்வர் நிறுவனம் கடையை மூடியபோது போய்விட்டது.

எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளுக்கு நான் நம்புவது ரஃபிள். ரஸ்ட் மொழியில் எழுதிய திறமூல எமுலேட்டர் அது, அதாவது பழைய ஃபிளாஷ் பிளேயரைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். பிரவுசர்கள் வேகமாக ஓட்டும் நிரல் வடிவமான வெப்அசெம்பிளி மூலம் பிரவுசருக்குள்ளேயே ஓடுகிறது. பார்ப்பவர் எதையும் நிறுவ வேண்டாம், பிரவுசரின் காவலையும் அது தாண்டாது. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 முதல் பழைய ஃபிளாஷ் படைப்புகளை இதை வைத்துத்தான் காட்டுகிறது. நம் சர்வரில் வைக்கவென்றே ரஃபிள் குழு தரும் தொகுப்பை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு, பக்கத்தில் ஒரு வரி ஸ்கிரிப்ட் சேர்த்தால் போதும். ஃபிளாஷைப் பொருத்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்ட், எம்பெட் குறிச்சொற்களை அதுவே அடையாளம் கண்டு மாற்றிக்கொள்ளும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. எனக்கு முதல் நாள் ஒன்றுமே ஓடவில்லை. பக்கத்தை ஹார்டு டிஸ்கிலிருந்து இரட்டைக் கிளிக் செய்து திறந்ததுதான் காரணம். பிரவுசர் அப்படித் திறந்த பக்கத்தில் வெப்அசெம்பிளி கோப்பை ஏற்ற விடாது. கணினியிலேயே ஒரு குட்டி சர்வரை ஓட்டி அதன் வழியாகத் திறக்க வேண்டும், அல்லது ரஃபிளின் டெஸ்க்டாப் செயலியில் திறந்து பார்க்கலாம். சர்வரில் ஏற்றிய பிறகும் தகராறு செய்தால், வெப்அசெம்பிளி கோப்பை எந்த வகை என்று சொல்லிச் சர்வர் அனுப்புகிறது என்று பாருங்கள். பழைய சர்வர்களுக்கு அந்த வகையே தெரியாது, அமைப்பில் ஒரு வரி சேர்த்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அடுத்து என்னை அழ வைத்தது பெரிய எழுத்து, சிறிய எழுத்துப் பிரச்சினை. என் வினாடிவினாக்கள் கேள்விகளைத் தனி எக்ஸ்எம்எல் கோப்பிலிருந்து எடுக்கும். விண்டோஸில் உட்கார்ந்து எழுதியபோது கோப்பின் பெயரில் முதல் எழுத்து பெரியதா சிறியதா என்று நான் கவலைப்பட்டதே இல்லை. லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்பு. கேள்வியே வராமல் விடைப் பெட்டிகள் மட்டும் வரிசையாக நின்றன! அந்த எக்ஸ்எம்எல் வேறு டொமைனில் இருந்தால் அதுவும் வராமல் போகலாம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

எழுத்துருவைப் பொதியாமல், பார்ப்பவர் கணினியின் எழுத்துருவையே நம்பிச் செய்த பாடங்களில் எழுத்து மாயமாகலாம். எழுத்துருக் கோப்பைத் தனியே ரஃபிளுக்குக் காட்டிக்கொடுக்க வழி இருக்கிறது.

எந்தப் பாடம் சுலபமாக எழும், எது மக்கர் செய்யும் என்பது ஃபிளாஷின் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டைப் பொறுத்தது. 1, 2 பதிப்புகளில் எழுதியவை பெரும்பாலும் அப்படியே ஓடிவிடுகின்றன. 2006-இல் ஃபிளாஷ் பிளேயர் 9-ஓடு வந்த மூன்றாம் பதிப்பில் எழுதியவையும் நிறைய ஓடுகின்றன, ஆனால் அங்கங்கே இடறும். எந்தப் பதிப்பு என்று மறந்துவிட்டதா? செய்து முடித்த கோப்பிலிருந்து நிரலைத் திரும்ப எடுக்கும் ஜேபெக்ஸ் என்ற இலவச டீகம்பைலரில் திறந்தால் கோப்பின் பண்புகளிலேயே தெரியும். மூலக் கோப்பு தொலைந்த பாடங்களுக்கு இந்த ஜேபெக்ஸ்தான் எனக்குக் கைகொடுத்தது. படம், ஒலி, நிரல் எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடும். எழுத்தும் வரும், ஆனால் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்த தமிழ் என்றால் ஆங்கில எழுத்துக் கொத்தாகத்தான் வரும். எந்த எழுத்துரு என்று கண்டுபிடித்து, யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருளில் போட வேண்டும். நான் பாதிக்கு மேல் திரும்பத் தட்டச்சு செய்தேன், அதுதான் வேகமாக இருந்தது.

வீடியோ சுலபம். வீடியோ வடிவத்தை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் எஃப்எல்வியை எம்பி4 ஆக்கலாம். உள்ளே இருக்கும் வீடியோ எச்.264 வகையாக இருந்தால் மறுகுறியாக்கம் செய்யாமல் உறையை மட்டும் மாற்றுங்கள், தரம் துளியும் குறையாது, வினாடிகளில் முடியும். அதற்கு முந்தைய சோரன்சன், விபி6 வகை என்றால் மறுகுறியாக்கம்தான். பக்கத்தில் வைக்கும்போது தானாக ஓடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். இன்றைய பிரவுசர்கள் ஒலியோடு தானாக ஓட விடாது, ஒரு கிளிக் வேண்டும்.

ஜாவா ஆப்லெட்டின் ஜார், சில்வர்லைட்டின் எக்ஸ்ஏபி இரண்டும் உண்மையில் ஜிப் கோப்புகள். பிரித்தால் படங்களாவது கையில் கிடைக்கும். ஆப்லெட்டைப் பிரவுசரில் அப்படியே ஓட்ட சியர்ப்ஜே என்ற கருவி இருக்கிறது, சில்வர்லைட் மூல நிரல் வைத்திருப்பவர்களுக்கு ஓப்பன்சில்வர் என்ற கருவி. ஷாக்வேவ் மூன்றையும் நான் கைகழுவிவிட்டேன்.

இதற்குப் பிறகும் ஒன்று பாக்கி. ரஃபிளில் ஓடும் பாடம் இன்னமும் பூட்டிய பெட்டிதான். எழுத்தைப் பெரும்பாலும் நகலெடுக்க முடியாது, பின்செல் பொத்தான் பழைய வேலையைத்தான் செய்யும், பார்வையற்ற பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது. பிரவுசரில் நிரலால் படம் வரையும் பரப்பான கான்வாஸில் திரும்ப எழுதினாலும் அதே கதைதான், கான்வாஸும் ஒரு செவ்வகம்தானே? அதனால் அடிக்கடி பயன்படும் ஒரு பத்துப் பாடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எச்டிஎம்எல்லிலும் பிரவுசருக்கே தெரிந்த வெக்டர் பட வடிவமான எஸ்விஜியிலும் புதிதாக எழுதுகிறேன். படம் எஸ்விஜி, எழுத்து சாதாரண எழுத்து, நீளத்தை மாற்ற பிரவுசரின் சொந்த ஸ்லைடர். அந்த ஸ்லைடர் விசைப்பலகையிலும் நகரும், திரைவாசிப்பானும் அதைப் படிக்கும். நான் எதுவும் கூடுதலாகச் செய்யவில்லை.

ஊசல்தான் முதலில். பழைய நிரலை அப்படியே ஜாவாஸ்கிரிப்டுக்கு மாற்றினேன், ஊசல் பேய் பிடித்தது போல ஆடியது. காரணம் அசிங்கமானது. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இவ்வளவு நகர் என்று எழுதியிருந்தேன், ஃபிளாஷில் அது வினாடிக்கு 12 ஃபிரேம். பிரவுசர் திரையின் வேகத்துக்கு ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஐந்து மடங்கு வேகம், 144 ஹெர்ட்ஸில் 12 மடங்கு. அப்படியென்றால் அன்றைக்கு மெதுவான கணினிகளில் என் ஊசல் மெதுவாக ஆடி, பிள்ளைகளுக்குத் தவறான இயற்பியலைக் கற்றுக்கொடுத்திருக்கிறது! இப்போது ஃபிரேமை எண்ணுவதில்லை, பிரவுசர் தரும் நேரத்தை வைத்துக் கோணத்தைக் கணக்கிடுகிறேன். ஒரு மீட்டர் நூலுக்கு அலைவு நேரம் ஏறக்குறைய 2 வினாடி வர வேண்டும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து அலைவை எண்ணினேன், 20 வினாடியும் கொஞ்சமும். நீங்கள் மீட்கும் பாடத்தில் இயக்கம் ஏதாவது இருந்தால் இதே போல ஒரு அளவை வைத்துச் சரிபாருங்கள், ‘ஓடுகிறது’ என்பதோடு விட்டுவிடாதீர்கள்.

இரண்டு குறுக்கு வழிகளை மட்டும் தொடாதீர்கள். ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கச் சொல்லும் பக்கங்களை நம்பாதீர்கள், அடோபி அப்படி ஒரு புதுப்பிப்பைத் தருவதே இல்லை. பழைய பிரவுசரையும் பழைய பிளேயரையும் தேடிப் பிடித்து இணையத்தில் உலாவுவதும் வேண்டாம். மூலப் பாடம் எப்படி ஓடியது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், தனியாக ஓடும் ஃபிளாஷ் புரொஜெக்டரை இணைய இணைப்பைத் துண்டித்த ஒரு கணினியில் வைத்துக்கொள்ளலாம். நான் ஒரு பழைய லேப்டாப்பை அதற்கென்றே ஒதுக்கி, மூடியில் ‘வைஃபை போடாதே’ என்று ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்து அதில் திறக்க வேண்டியது ஒளிவிலகல் பாடம், அதற்கு மூலக் கோப்பு இல்லை.